ஏத்தியாச்சு என்று கத்திய சலூன்

என் வீட்டுக்காரரை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'விளக்கம்' என்றுதான் சொல்வார்கள். "விளக்கம் கடையில முடி வெட்டினேன்" என்றால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். மனுஷர் எதையும் விளக்காமல் விடமாட்டார். தலையில் தண்ணீர் தெளிக்கும்போதே தண்ணீர் ஏன் கீழ்நோக்கி வழிகிறது என்று ஆரம்பிப்பார். கிருதாவைச் சரி செய்து முடிப்பதற்குள் கடிகாரம், விமானம், திமிங்கலத்தின் மூச்சு எல்லாம் வந்து போயிருக்கும். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதைக் குறை சொல்ல எனக்கே மனசு வராது. வாய் அது பாட்டுக்கு ஓடும், கத்தரி அது பாட்டுக்கு ஓடும், ஒன்றை ஒன்று இடிக்காது.

இடித்தது எப்போதாவதுதான். முதல் தடவை அது என் தலையில். கல்யாணமான புதிதில் "நுனி மட்டும் எடுங்க" என்று நம்பி உட்கார்ந்தேன். மின்னல் முதலில் தெரிந்து இடி ஏன் பிறகு கேட்கிறது என்று விளக்கினார். விளக்கி முடித்தபோது இடுப்பு வரை இருந்த என் முடி காது மடலுக்குக் கீழே நின்றது. இனி இந்த மனுஷன் கையில் என் தலையைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அதிலிருந்து குளியலறையில் நின்று நானே நுனி வெட்டிக்கொள்கிறேன். கோணலாகத்தான் போகும். போகட்டும், என் தலைதானே.

கடை, செருப்புக் கடைக்கு மேல் மாடியில். படி பின்பக்கம், கார் நிறுத்துமிடத்தின் வழியாக ஏற வேண்டும். செங்குத்தான இரும்புப் படி. உள்ளே இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, கண்ணாடி, துண்டு காயப்போடும் கம்பி. அவரைத் தவிர வெட்ட ஆள் கிடையாது. ஒருவர் தலை நனைந்து ஊறும் நேரத்தில் அடுத்த நாற்காலியில் இன்னொருவருக்குக் கை ஓடும். கடைசியில் திரைச்சீலைக்குப் பின்னால் என் தையல் மெஷின். ஜிப் மாற்றுவேன், பேன்ட்டின் காலைக் குட்டையாக்குவேன். அவர் வாடிக்கையாளர்களின் தலை அவருக்கு, கால் எனக்கு.

அந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் காரணம். மூச்சு வாங்க ஏறி வந்து, பெஞ்சு நிறைய ஆளைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்கள். பிறகு புத்திசாலியாகி, ஏறுவதற்கு முன்னால் போன் பண்ணிக் கேட்க ஆரம்பித்தார்கள். "கூட்டமா?" "கூட்டமா?" என்று நாள் முழுக்க இதே கேள்வி. இவருக்கு "இல்ல, வாங்க" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வருமா? கூட்டம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு நாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விளக்கியபடியே ஒருவருடைய புருவத்தில் பாதியை எடுத்துவிட்டார். அவர் எழுந்து கண்ணாடியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். ஒரு புருவம்தான் ஆச்சரியப்பட்டது.

அப்போதுதான் புரோகிராமர் தம்பி ஒரு யோசனை சொன்னான். எங்கள் நிரந்தர வாடிக்கையாளன், சுருட்டைமுடி, சாது.

"அண்ணா, ஒரு கேமராவை மாட்டுங்க. அது படம் எடுக்கட்டும். ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அந்தப் படத்தை வெப் சர்வருக்கு ஏத்திடுவோம். யாரா இருந்தாலும் வீட்டுல உட்கார்ந்தே போன்ல பார்த்துக்கலாம், கூட்டம் இருக்கா இல்லையான்னு."

"சர்வர்னா என்ன தம்பி?"

நான் திரைச்சீலைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன். போச்சு. விளக்கம் கேட்கிற நாற்காலியில் இவர் உட்கார்ந்துவிட்டார், இனி எழுந்திருக்க மாட்டார்.

"எங்கேயோ இருக்கற இன்னொரு கம்ப்யூட்டர்ணா. தூங்கவே தூங்காது. நாம குடுக்கற படத்தைக் கையில வெச்சுக்கிட்டு, கேக்கறவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டே இருக்கும்."

"பாவம். ஸ்கிரிப்ட்னா?"

பாடம் நடத்துகிறவன் எழுந்து போய்விடக் கூடாதே என்று இவர் வெட்டிக்கொண்டே இருந்தார். கேமரா விளங்குவதற்குள் பின்மண்டை போனது. சர்வர் விளங்குவதற்குள் இரண்டு கிருதாவும் போயின. பாஸ்வேர்டு எதற்கு என்று புரிந்தபோது அந்தத் தம்பி முட்டை மாதிரி மொட்டையாக எழுந்து, தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணா, காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆபீசில் அவனுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பழம் வாங்கிக் கொடுத்தார்களாம்.

ஸ்கிரிப்ட் என்னவோ சின்னதுதான். எனக்கே மனப்பாடம், அத்தனை தடவை விளக்கியிருக்கிறார். முதல் வேலை, கேமராவிடம் ஒரு படம் வாங்கிப் பழைய படத்தின் மேல் போட்டு வை. இரண்டாவது, அந்தப் படத்தை சர்வருக்கு ஏற்று. மூன்றாவது, ஏற்றியதும் சொல். பிறகு ஐந்து நிமிஷம் சும்மா இரு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. அந்த மூன்றாவது வேலைக்கு இவர் தன் குரலையே பதிவு பண்ணிக் கொடுத்தார். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அலமாரி மேலிருந்த கிழட்டு லேப்டாப், "ஏத்தியாச்சு!" என்று இவர் குரலிலேயே கத்தும். புது ஆட்கள் நாற்காலியில் துள்ளுவார்கள். நான் எத்தனை ஊசியை உடைத்தேன் என்று கேட்காதீர்கள்.

ஆனால் விஷயம் பிடித்துக்கொண்டது. பெஞ்சு காலி என்று பார்த்ததும் ஆட்கள் வந்தார்கள், நிறைந்ததும் வீட்டில் இருந்துகொண்டார்கள். போன் வாயை மூடியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த லேப்டாப்பைப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கடையை மூடுவார்.

இப்போது ஒன்றை உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அப்போது தெரியாது. ஏழெட்டு மாசம் ஓடிப்போய் ஒரு நாள் கடையில் எள் விழ இடமில்லை. ஒரு நாற்காலியில் பஸ் டிப்போ மேனேஜர், காதிலிருந்து காது வரை சோப்பு நுரை, ஏதோ வாதாடிக்கொண்டிருந்ததால் வாய் திறந்தபடி. இன்னொன்றில், கேமராவில் விழாத கோணத்தில், காய்கறிக் கடைக்காரர். பெஞ்சு நிறைய ஆள், கண்ணாடி ஓரம் இரண்டு பேர் நின்றுகொண்டு. அந்த நேரம் பார்த்து இவருடைய புது ட்ரிம்மரில் சார்ஜ் இறங்கிவிட்டது. லேப்டாப்பில் வேலை செய்கிற யு.எஸ்.பி. துளை ஒன்றுதான், அதில் கேமரா வயர் இருந்தது. "ரெண்டே நிமிஷம்" என்று அதைப் பிடுங்கி ட்ரிம்மரைச் செருகினார். பிறகு காய்கறிக்காரருக்கு, ஈ எப்படிக் கூரையில் தலைகீழாக நிற்கிறது என்று விளக்கப் போனார். விளக்கம் பாதியில் இருக்கும்போதே காய்கறிக் கடையிலிருந்து போன் வந்து, கடைக்காரர் இறங்கி ஓடினார். ட்ரிம்மர் வயர் அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கேமரா படம் தரவில்லை. ஸ்கிரிப்ட் பாவம் என்ன செய்யும்? புதுப் படம் வந்ததா என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லையே. கையிலிருந்த பழைய படத்தையே எடுத்து சர்வருக்கு ஏற்றியது. சர்வரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. "ஏத்தியாச்சு!" என்று லேப்டாப் கத்தியது. ஐந்து நிமிஷம் கழித்து அதே படம், அதே கூட்டம், அதே நுரை, அதே "ஏத்தியாச்சு!"

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இப்படியே வாரக்கணக்கில் ஓடியது. எப்போதாவது வெளியூர்க்காரர் ஒருவர் வழி தெரியாமல் ஏறி வருவார், அவ்வளவுதான். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். இவர் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். கடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவர் கடையில் கூட்டமா என்று போனில் ஏன் பார்க்கப் போகிறார்? அதுதான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஏத்தியாச்சு" என்று அவர் குரலே சத்தியம் பண்ணுகிறதே.

முதலில் "வெயில்" என்றார். பிறகு "மழை" என்றார். பிறகு தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை போயிடுச்சு போலிருக்கு" என்றார் ஒரு நாள்.

"எங்க போச்சு? அங்கதானே தொங்குது."

"இல்ல. கடைசியா வெட்டினது யாருக்கும் பிடிக்கல. மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம வேற கடைக்குப் போயிட்டாங்க."

நான் ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அவர் தரை துடைக்கிற மாப்பைக் கம்பியில் தொங்கவிட்டு, அதற்குப் படிப்படியாகக் கிராப்பு வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல கிராப்புதான். அந்த மாப்பு அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை.

எல்லாவற்றையும் விட, மனுஷர் விளக்குவதை நிறுத்திவிட்டார். குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று நானாகவே கேட்டுப் பார்த்தேன். "அது அப்படித்தான்" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

காய்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையில் ஒரு காடு முளைத்திருந்தது. வரிசையில் நின்ற நாலு பேருக்கும் அப்படித்தான், கழுத்தெல்லாம் முடி. புது நாகரிகம் போலிருக்கிறது, அதனால்தான் யாரும் வெட்டிக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் கடைக்காரர் கேட்கிறார்: "என்னக்கா, கடையில இன்னும் அதே கூட்டமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாங்கள் ஈ ஓட்டுகிறோம், இவன் குத்திக்காட்டுகிறான்!

"ஆமாய்யா, கூட்டம் தாங்கல! மாடி இடிஞ்சு விழுது! நீ உன் வேலையைப் பாரு!" என்று கத்திவிட்டுத் தக்காளியை வாங்காமலே வந்துவிட்டேன். பின்னால் அவர், "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல, இன்னும் குறையலயாம்" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கோபத்தில் எதுவும் உறைக்கவில்லை.

சலூனுக்குத் திரும்பினால் இவர் கத்தரிகளை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய அண்ணன் பார்சல் கிடங்கு வைத்திருக்கிறார். அங்கே பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட ஆள் வேண்டுமாம்.

"திங்கக்கிழமையிலிருந்து வர்றேன்னு சொல்லிட்டேன். போர்டை நாளைக்குக் கழட்டிடறேன்."

"லேபிள் ஒட்டவா? நீங்களா?"

"கை நடுங்கினாலும் லேபிள் ஒட்டலாம்."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். மறுநாள் காலையில் போர்டைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பியவரைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

"வெட்டுங்க."

"என்னது?"

"கை போச்சு, கை போச்சுன்னு புலம்பறீங்களே, போச்சா இருக்கான்னு பார்த்துடுவோம். இடுப்புலேர்ந்து தோள் வரைக்கும் தர்றேன். வெட்டுங்க."

அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். பத்துப் பேர் வந்து முடி வெட்டச் சொல்லியிருந்தாலும் அப்படி மலர்ந்திருக்காது. துணியைப் பிரித்துக் கத்தரியை எடுத்தார். கை நடுங்கத்தான் செய்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிச் சத்தமும் நடுநடுவே லேப்டாப் கத்துவதும்தான். இடது பக்கம் முழுதும் முடிந்து, வலது பக்கத்துக்குச் சீப்பை வைத்தார்.

அப்போது இரும்புப் படி தடதடவென்று அதிர்ந்தது. கதவு திறந்தது. ஒரு அம்மா, கையில் போனோடு.

"எங்க அவரு?"

"யாருங்க?" என்றார் இவர்.

"டிப்போ மேனேஜர்! என் வீட்டுக்காரர்! எப்பக் கேட்டாலும் 'சலூன்ல கூட்டம், நீயே பாரு'ங்கறாரு. நானும் போன்ல பார்த்து நம்பினேன். இன்னிக்கு வீட்டுல குழாய் உடைஞ்சு தண்ணி கொட்டுது. காலையில பார்த்தேன், நுரையோட உட்கார்ந்திருக்காரு. இப்பவும் நுரையோட உட்கார்ந்திருக்காரு! ஒரு ஷேவிங்குக்கு இவ்வளவு நேரமா? அவருக்கு இருக்கறது மூஞ்சியா, மைதானமா?"

போனை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினாள். பார்த்தோம். எங்கள் கடை. பெஞ்சு நிறையக் கூட்டம். வாயைப் பிளந்தபடி நுரை மேனேஜர். நிமிர்ந்து பார்த்தோம். காலி பெஞ்சு, காலி நாற்காலி, பாதி முடியோடு நான்.

"ஏத்தியாச்சு!" என்றது லேப்டாப்.

"அது யாரு கத்தறது?" என்று அந்த அம்மா துள்ளினாள்.

இவர் அலமாரியிடம் போனார். லேப்டாப்பின் பக்கவாட்டைத் தடவினார். ட்ரிம்மர் வயரை இழுத்துப் பிடித்துப் பார்த்தார், அதற்குப் பின்னால் அநாதையாகத் தொங்கிய கேமரா வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்ன சொல்ல? எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

வயரை மாற்றிச் செருகினார். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஏத்தியாச்சு!" அந்த அம்மாவின் போனில் நுரை மறைந்தது. புதுப் படத்தில் காலி பெஞ்சு, ஓரத்தில் அந்த அம்மாவின் நீட்டிய விரல் மட்டும், ஒரு பக்கம் தோளிலும் ஒரு பக்கம் இடுப்பிலும் முடி தொங்க, பேய் மாதிரி நான்.

முதலில் ஏறி வந்தது மேனேஜர்தான். ஓட்டமாக ஓடி வந்தார். "விளக்கம்! ஏன்யா படத்தை மாத்தின? எவ்வளவு நல்லா போய்க்கிட்டு..." என்றவர் மனைவியைப் பார்த்து அப்படியே நின்றார். வீட்டில் மச்சினன் வந்து தங்கி டிரம்ஸ் பழகுகிறானாம். படம் நின்றுபோனதைக் கண்டுபிடித்த ஒரே புத்திசாலி இந்த மேனேஜர், அதை யாரிடமும் மூச்சு விடாமல், டிரம்ஸுக்குத் தப்பி, கீழே கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறார். அந்த அம்மா அவர் காதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படி முழுக்க அவர் "குழாயை நானே சரி பண்றேன்மா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்து வந்தது புரோகிராமர் தம்பி. முன்முடி கண்ணை மறைக்க, கதவில் முட்டிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னாலேயே தபால்காரர், மருந்துக்கடைக்காரர், காய்கறிக்காரர். அத்தனை பேருக்கும் கரடி மாதிரி முடி.

"தம்பி, நீ எழுதிக் குடுத்த ஸ்கிரிப்ட்தானே? உனக்குமா தெரியல?" என்றேன்.

"சர்வர்ல பார்த்தேன்கா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கரெக்டா படம் வந்துச்சு. வர்றது என்ன படம்னு யாரு பார்த்தா?"

இவர் அவர்கள் தலைகளையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நாளா... வேற கடைக்குப் போயிருக்கலாமே?"

காய்கறிக்காரர் காதைச் சொறிந்தார். "போகலாம்னு கிளம்பினேண்ணே. பாதி வழியில திரும்பிட்டேன். கூட்டம் என்னிக்காவது குறையத்தானே போகுதுன்னு இருந்துட்டேன். அதுவுமில்லாம அந்த ஈ விஷயத்தைப் பாதியில விட்டுட்டீங்க. கூரையில எப்படித்தான் நிக்குது அது? எனக்குத் தூக்கமே வரல."

இவர் சட்டென்று திரும்பி அலமாரியில் எதையோ தேடினார். கண்ணில் முடி விழுந்துவிட்டதாம். இத்தனை வருஷத்தில் கண்ணில் விழாத முடி. நான் எழுந்து, நாற்காலியை விட்டு, பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு இன்னும் பாதி இருக்கே" என்றார்.

"வரிசையில வர்றேன். போங்க, ஈயை முடிங்க."

அன்று முழுக்கக் கூட்டம். நான் அந்தப் பெஞ்சில் பாதி முடியோடு உட்கார்ந்திருந்ததை ஊரே போனில் பார்த்தது. பார்க்கட்டும். இடையில் புரோகிராமர் தம்பி ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தான். புதுப் படம் வராவிட்டால் ஏற்றாதே, கூப்பிட்டுச் சொல். சொல்வதற்கு யாரும் அலட்சியம் பண்ண முடியாத ஒரு குரல் வேண்டும் என்றான். எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க, வயரைப் பாருங்க!" என்று நான் சொன்னதைப் பதிவு பண்ணிக்கொண்டான். மெதுவாகத்தான் சொன்னேன், மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த டீ ஏன் கொட்டியது என்று தெரியவில்லை.

கடைசி ஆள் இறங்கிப் போன பிறகு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது பக்கம் மட்டும் இன்னும் இடுப்பு வரை. இவர் சீப்பை வைத்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். முதல் தடவை என் தலையில் பண்ணியது ஞாபகம் வந்திருக்கும், பயம். கை மறுபடி நடுங்குவது சீப்பில் தெரிந்தது.

"ஏங்க" என்றேன், "அன்னிக்கு இடியைப் பத்திச் சொன்னீங்களே. மின்னல் முன்னாடி, இடி பின்னாடி. எனக்கு அது இன்னும் சரியா புரியல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தார்.

"அதாவது..." என்று ஆரம்பித்தார். கத்தரியும் ஆரம்பித்தது.

வெளிச்சத்தின் வேகத்தில் தொடங்கி, மேகத்துக்குள் போய், தவளையின் காது வரைக்கும் வந்துவிட்டார். கை ஒரு தடவை கூட நடுங்கவில்லை. முடி எங்கே போய் நின்றது என்று மட்டும் கேட்காதீர்கள். தோள் வரைக்கும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான்.